பேச்சு வருகிறது, வாக்கியம் கூடவில்லை: மொழிக் குறைபாடுள்ள இளையோரின் பெற்றோருக்கு

உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது. கூப்பிட்டால் திரும்புகிறாள், சைக்கிள் ஓட்டுகிறாள், மனக்கணக்குகூடப் போடுகிறாள். ஆனால் பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால், “மிஸ் வந்தாங்க, அப்புறம் பிரியா, அது, நோட்டு, குடுத்தா, அப்புறம் திட்டு” என்று வருகிறது. யார் யாருக்குக் கொடுத்தது, திட்டு யாருக்கு விழுந்தது என்பதை நீங்கள்தான் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வயதிலும் இப்படி என்றால் கூச்சம், சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

காது கேளாமை, மூளைக் காயம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு என்று எதுவும் இல்லாமல் மொழி மட்டும் பின்தங்குவதை டி.எல்.டி. என்கிறார்கள்; தமிழில் வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு. அரிதான ஒன்றில்லை. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில் சுமார் 7.5 சதவீதம் பேருக்கு இருந்தது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். “வளர வளரச் சரியாகிவிடும்” என்பவர்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் இலக்கணம் வளரத்தான் செய்யும். கூடப் படிப்பவர்களுடையதும் வளர்கிறது, அதனால் இடைவெளி அப்படியே நிற்கும்.

கீழே உள்ளது தமிழ்நாட்டில், தமிழ் பேசும் வீட்டில், 11 முதல் 18 வயதுக்குள் உள்ள பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு. வரிசையை மாற்றாதீர்கள். முதல் படியில் எழுதும் நோட்டுதான் கடைசிப் படி வரை கூட வரும்.

1. முதலில் ஒரு நோட்டு, ஒரு ரெக்கார்டர்

மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் பிள்ளையின் வாக்கியங்களைத் தாளில் பிடியுங்கள். அறிமுகமில்லாதவர் முன்னால் பதின்வயதுப் பிள்ளை “ம்”, “தெரியல” என்று முடித்துவிடும். அந்த அரை மணி நேரத்தை வைத்து எழுதப்படும் அறிக்கையில் ஒன்றும் இருக்காது.

செல்போனில் மூன்று பதிவு, மூன்று வெவ்வேறு நாளில், ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஏழு நிமிடம். ஒன்று, விளையாட்டு விதி: கபடியோ கேரமோ போனில் ஆடும் கேமோ, விளையாடவே தெரியாத ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது போல. இரண்டு, பிள்ளை பார்த்த, நீங்கள் பார்க்காத படத்தின் கதை. நீங்களும் பார்த்திருந்தால் விட்ட இடத்தை உங்களை அறியாமல் நிரப்பிக்கொள்வீர்கள், குறை தெரியாது. மூன்று, ஏதாவது ஒரு தகராறு: யார் செய்தது தப்பு, ஏன்.

“சாப்பிட்டியா, எங்க போன” என்ற வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து பயனில்லை. குறைபாடு இல்லாத பிள்ளைகளும் அதில் இரண்டு வார்த்தைதான் பேசுவார்கள். விளக்கிச் சொல்லும்போதுதான் நீண்ட வாக்கியம் தேவைப்படும், தடுமாற்றமும் அங்கேதான் வெளியே வரும்.

பிறகு உட்கார்ந்து எழுதுங்கள். வாய்மொழி எப்படி வந்ததோ அப்படியே, ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். திருத்தக்கூடாது. ஐந்து நிமிடப் பதிவை எழுத அரை மணிக்கு மேல் ஆகும். மூன்றும் சேர்ந்து 50 வாக்கியமாவது தேற வேண்டும்; தேறாவிட்டால் நான்காவது பதிவு.

வார்த்தைகளை எண்ணாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலக் குறிப்புகள் அதைத்தான் சொல்லும். தமிழுக்கு அது ஒத்துவராது. “போயிட்டிருந்தப்ப” என்பது ஒரே சொல், உள்ளே நான்கு கண்ணி. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை வினை கோத்திருக்கிறது என்று பாருங்கள்: வந்து, வந்த, வந்தா, வந்தப்ப, வந்ததால, வர்றேன்னு. ஐம்பது வாக்கியத்திலும் “அப்புறம்… அப்புறம்…” மட்டுமே இருந்து, இந்தக் கோப்புகள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தால் அதை நோட்டின் முதல் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

2. எது பிழை, எது பிழையே இல்லை

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பாடநூல் தமிழை அளவுகோலாக வைத்துப் பேச்சைத் திருத்தினால் ஊரில் எல்லோருக்கும் குறைபாடு இருக்கும்.

“பால் குடிச்சேன்”, “புத்தகம் வாங்கினேன்”: இரண்டாம் வேற்றுமை இல்லை, ஆனாலும் சரியான தமிழ். பொதுவாகச் சொல்லும் அஃறிணைப் பொருளுக்கு ‘ஐ’ வேண்டியதில்லை. “நான் அக்கா பாத்தேன்” என்றால் பிழை. ஆளைக் குறிக்கும்போது ‘ஐ’ விடக்கூடாது. “அக்கா வந்துச்சு” என்பது பல வட்டாரங்களில் இயல்பான பேச்சு. “மாடுங்க வந்துச்சு” என்பதும் அப்படித்தான். “வந்தன” என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. “அப்பா வந்தா” என்று பெண்பால் முடிவு வந்தால் குறியுங்கள். “எங்க போன?” என்றதற்கு “கடைக்கு” என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால் அது முழுமையான பதில்.

உண்மையில் தேட வேண்டியவை இவை. “எனக்குப் பிடிக்கும்” என்பதற்குப் பதில் “நான் பிடிக்கும்”. “நாளைக்குப் போனேன்” போன்ற காலக் குழப்பம். “பஸ் ஓட்டினார்” என்பதற்கு “பஸ் ஓடினார்” போன்ற தன்வினை, பிறவினைக் குழப்பம். “சொன்னான்” இருக்கும், யார் யாரிடம் சொன்னது என்பது இருக்காது. எப்போதாவது ஒன்றென்றால் நாக்குத் தவறு. அதே வகை ஐம்பது வாக்கியத்தில் ஐந்தாறு முறை வந்தால் கோடு போடுங்கள்.

பேச்சைவிடப் புரிதலில் குறை இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பொம்மை அல்லது இரண்டு காசு எடுத்து, ஒன்று புலி, ஒன்று மான் என்று சொல்லிவிட்டு “புலி துரத்தின மானைக் காட்டு”, “புலியைத் துரத்தின மானைக் காட்டு” என்று நடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு ‘ஐ’, துரத்தியது யார் என்பதையே புரட்டிப்போடுகிறது. இரண்டுக்கும் புலியே மானைத் துரத்தினால், பிள்ளை உருபைக் கேட்காமல் உலகறிவை வைத்து ஊகிக்கிறது. இப்படிப் பத்து வாக்கியம் செய்து பார்த்து, பதிலை நோட்டில் எழுதுங்கள். பையன், பொண்ணு என்று எது நடந்தாலும் நம்பும்படியான ஜோடிகளையும் சேருங்கள்.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம், தமிழில் கதை கோவையாக வருகிறது என்றால் அது மொழிப் பழக்கம் போதாமை, குறைபாடு அன்று. டி.எல்.டி. இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும். “வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இருக்கிற ஒரே உறுதியான தரையையும் பெயர்த்துப்போடும் யோசனை அது.

3. காதும் கண்ணும்

எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்க்கும் ஆடியோகிராமும், நடுச்செவியைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியும் எடுங்கள். அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் செலவில்லை. தனியாரில் சில நூறு ரூபாய். “நன்றாகத்தானே கேட்கிறது” என்று தவிர்க்காதீர்கள். நடுச்செவியில் நீர் தங்கினால் லேசான கேட்புக் குறைவு வரும். தமிழில் உருபுகள் சொல்லின் கடைசியில், அழுத்தமில்லாமல் வருபவை. முதலில் காதில் விழாமல் போவது அவைதான். பட்டனை அழுத்திப் பதில் சொல்லக்கூடிய பிள்ளைக்கு, தலையில் கம்பி ஒட்டிச் செவி நரம்பின் பதிலை அளக்கும் பெரா சோதனை பொதுவாகத் தேவைப்படாது. எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

கண் பரிசோதனைச் சீட்டும் வேண்டும், ஆறாம் படியில் கேட்பார்கள். அந்தப் படியை எட்டும்போது இரண்டு அறிக்கையும் ஆறு மாதத்துக்குள் எடுத்தவையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

4. மதிப்பீடு: யாரிடம், என்ன கேட்டு வாங்குவது

பார்க்க வேண்டியவர் பேச்சு மொழி சிகிச்சையாளர். ஊரில் ஸ்பீச் தெரபிஸ்ட் என்பார்கள். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற செவித்திறன், பேச்சு மொழித் துறைப் பட்டமும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலான ஆர்.சி.ஐ.யின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் அறிக்கையின் அடியில் கையெழுத்தோடு வரவேண்டும். இல்லாத அறிக்கை எந்த அலுவலகத்திலும் செல்லாது. பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அரசு தரப்பில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகைக் குறைபாடு நிறுவனத்திலும் பார்க்கலாம். மேற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு மைசூரின் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் எட்டும் தூரம்தான், ஆனால் அங்கே தமிழில் மதிப்பிடுபவர் இருக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் முதன்மையாக ஆறு வயது வரைக்கானவை. 6 முதல் 18 வரை உள்ளவர்களை மற்ற அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைக்கும் இணைப்பு வேலையையும் அவர்களே பார்க்கிறார்கள். ஆகவே “இது சின்னப் பிள்ளைகளுக்கு” என்று திருப்பினால், பரிந்துரைச் சீட்டையாவது வாங்காமல் வராதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் பாருங்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

மதிப்பீடு ஒரே தடவையில் முடிவது அபூர்வம். ஒரு மணி நேரம் வீதம் இரண்டு அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைக் கையில் கொடுத்து, பதிவையும் போட்டுக் காட்டுங்கள். பதின்வயதினருக்கென்று தமிழில் தரப்படுத்திய இலக்கணத் தேர்வுகள் மிகக் குறைவு. ஆங்கிலத் தேர்வைப் பக்கத்திலேயே தமிழாக்கிக் கேட்டுவிட்டு, அமெரிக்கப் பிள்ளைகளின் அட்டவணையில் மதிப்பெண் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. உங்கள் நோட்டின் ஐம்பது வாக்கியங்கள் அதைவிடப் பெரிய சான்று.

அறிக்கையில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். புரிதலும் வெளிப்பாடும் தனித்தனியாக. தமிழ் வாக்கியங்களின் அலசல், எடுத்துக்காட்டுகளோடு. நோய்க் குறியீட்டு எண். பள்ளி செய்ய வேண்டியவை. குறியீட்டு எண் ஏன் என்பது ஆறாம் படியில். “மொழி வயது ஏழு” என்று ஒற்றை வரியில் முடிந்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

5. பயிற்சி

சான்றிதழ் வரட்டும் என்று இதை நிறுத்திவைக்காதீர்கள். அது காகிதம் நகரும் வேகத்தில் நகரும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு இலக்கு. வரிசை பெரும்பாலும் இப்படி வைத்தால் ஓடும்: முதலில் ஐ, க்கு, ஆல் ஆகிய உருபுகள், அடுத்து வினையெச்சக் கோப்பு, அதாவது “சாப்பிட்டேன், அப்புறம் போனேன்” என்பதைச் “சாப்பிட்டுட்டுப் போனேன்” ஆக்குவது, பிறகு காரணமும் நிபந்தனையும், அதாவது வந்தா, வந்தாலும், வந்ததால, அதன் பின் “நேத்து வந்த பையன்” போன்ற பெயரெச்சம், கடைசியில் பாடநூலின் செயப்பாட்டு வினை. ‘வந்தா’வும் ‘வந்தாலும்’ என்பதும் ஒரே வாரத்தில் வேண்டாம். ஒரு ‘உம்’ தான் வித்தியாசம், அர்த்தமோ எதிர்த்திசை, இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

சின்னப் பிள்ளைகளிடம் பலிக்கும் வழி, பேச்சுவாக்கில் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்வது. “ரவி அக்கா கூப்பிட்டான்” என்றால் “ஓ, ரவி அக்காவைக் கூப்பிட்டானா? எதுக்கு?” என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். “திருத்திச் சொல்லு” என்று நிறுத்தக்கூடாது. பதின்வயதில் இது மட்டும் போதாது. விதியைக் கண்முன் வைத்து வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் சூசன் எபல்ஸ் உருவாக்கிய வடிவக் குறியீட்டு முறையில், வாக்கியத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வடிவம். அவர் குழுவின் 2007 ஆய்வில் 11 முதல் 16 வயதுக்குள் 27 மாணவர்கள். வாரம் அரை மணி வீதம் ஒன்பது வாரம் தனிப்பயிற்சி பெற்றவர்களுக்கு வினையைச் சுற்றி வாக்கியம் அமைப்பதில் முன்னேற்றம் வந்தது, மூன்று மாதம் கழித்தும் நின்றது. மொத்தம் நாலரை மணி நேரம்தான்.

அதன் தமிழ்ப் பதிப்பை வீட்டில் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். செய்பவருக்கு வட்டம், ‘ஐ’ பெறுவதற்குச் சதுரம், ‘க்கு’ பெறுவதற்கு முக்கோணம், வினைக்கு அறுகோணம். “அம்மா தம்பிக்குச் சட்டையைக் கொடுத்தாங்க” என்பதை நான்கு அட்டையில் எழுதி, சொல்லைக் கறுப்பிலும் உருபைச் சிவப்பிலும் எழுதுங்கள். அறுகோணத்தில் ‘கொடு’ வந்தால் மூன்று வடிவமும் நிரம்ப வேண்டும். ‘தூங்கு’ வந்தால் வட்டம் மட்டும் போதும். எந்த வினை எத்தனை வடிவம் கேட்கிறது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். தமிழில் அட்டைகளை இடம் மாற்றினாலும் அர்த்தம் மாறாது, உருபை மாற்றினால் மாறிவிடும். இதை மாற்றி மாற்றி அடுக்கிக் காட்டினால் உருபு எதற்கு என்பது பிடிபடும். ஆங்கிலத்துக்குச் செய்த அட்டைகளை அப்படியே இறக்கினால் இந்த இடம் தவறிப்போகும். அங்கே வரிசைதான் இலக்கணம்.

அளவு: வாரத்தில் நான்கு நாள், நாளுக்குக் கால் மணி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் என்று குவிப்பதைவிட இது மேல். ஒரு அமர்வில் இலக்கு வடிவத்தைப் பிள்ளை இருபது முறையாவது தானே சொல்ல வேண்டும். நீங்கள் சொல்வது கணக்கில் சேராது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பயிற்சியில் வராத புதுச் சொற்களில் பத்து வாக்கியம் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு நாளில் பத்துக்கு எட்டு சரியானால் அடுத்த இலக்கு. பழகிய சொற்களில் சரி, புதுச் சொற்களில் தப்பு என்றால் மனப்பாடம்தான் நடந்திருக்கிறது, வினைகளைக் கூட்டுங்கள். அட்டையில் சரி, பேச்சில் தப்பு என்றால் அது எதிர்பார்க்க வேண்டியதே. அட்டையை எடுத்துவிட்டு, அதே இலக்கு தேவைப்படும் ஒரு கதையைச் சொல்லவைப்பதுதான் அடுத்த கட்டம்.

கடைசி இலக்குக்குப் பாடநூலையே பயன்படுத்துங்கள். “கல்லணை கரிகாலனால் கட்டப்பட்டது” என்பதைப் படிக்கும் பிள்ளை, முதலில் வரும் பெயரையே செய்தவராக எடுத்துக்கொள்ளும். இங்கே அணை கட்டாது என்பதால் தப்பித்துவிடும். “மன்னன் அமைச்சரால் காப்பாற்றப்பட்டான்” என்றால் மாட்டிக்கொள்ளும். சமூக அறிவியல் பாடத்தில் ஒரு பக்கத்துக்கு இப்படி எத்தனை வாக்கியம் என்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் எங்கே போகிறது என்று விளங்கும். நாளுக்கு மூன்று வாக்கியத்தைச் செய்வினைக்கு மாற்றச் சொல்லுங்கள். “பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது” என்பது போன்ற வினாத்தாள் வாக்கியங்களும் தனியே சொல்லிக்கொடுக்க வேண்டிய இலக்கணம்தான்.

செலவு: தனியாரில் ஓர் அமர்வு சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம், அதற்கு மேலும். வாரம் மூன்று முறை என்று பொதியாக முன்பணம் கேட்கும் இடத்தில், இலக்கு என்ன, எப்போது அளப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாரம் ஒரு அமர்வும் வீட்டுப் பயிற்சித் திட்டமும் தருகிறவரைத் தேடுங்கள். நாக்குப் பயிற்சி, ஊதல் பயிற்சி என்று நேரம் போனால் நிறுத்திவிடுங்கள். வாக்கிய அமைப்புக்கும் நாக்கின் பலத்துக்கும் தொடர்பில்லை.

6. சான்றிதழ்: எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் பட்டியலில் 21 வகை. ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ என்ற பெயரைப் பார்த்ததும் அதில்தான் விண்ணப்பிக்கத் தோன்றும். அந்த வகையின் விளக்கம் குரல்வளை அகற்றல், அஃபேசியா (மூளை பாதிப்பால் வரும் மொழி இழப்பு) போன்ற உடல் அல்லது நரம்புக் காரணத்தால் வந்த நிரந்தரக் குறைபாட்டைப் பற்றியது. டி.எல்.டி. பிள்ளை அங்கே திருப்பி அனுப்பப்படும். மாறாக ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையின் விளக்கத்தைப் படியுங்கள். பேச்சு அல்லது எழுத்து மொழியைக் கையாள்வதில் உள்ள குறைவு என்று தொடங்கி, வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்சியாவோடு ‘வளர்ச்சிசார் அஃபேசியா’ என்பதையும் சேர்த்திருக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் எஃப் 80.1, எஃப் 80.2 ஆகிய இரண்டின் கீழும் அதே பெயர் வருகிறது. அறிக்கையில் அந்த எண்ணைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்குத்தான். இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் படித்துப் புரிவதிலும் எழுதுவதிலும் குறை இருக்கும் என்பதால் நடைமுறையிலும் இந்த வழியே எளிது.

விண்ணப்பம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யு.டி.ஐ.டி. இணையதளத்தில், கட்டணமில்லை. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று கட்டாயம். கூடவே கோப்பில் வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் படிப்புச் சான்று, இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், பிள்ளை எழுதிய கட்டுரை நோட்டு, காது, கண் அறிக்கைகள், மொழி மதிப்பீடு, உங்கள் வாக்கிய நோட்டின் நகல். ஒவ்வொன்றும் மூன்று பிரதி.

அடுத்தது உளவியலாளரின் தேர்வு. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி, ஐ.க்யூ. 85-க்கு மேல் என்று தெரிந்த பிறகே பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் கற்றல் குறைபாட்டுத் தேர்வுத் தொகுப்பு நடக்கும். மொழிக் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சொல்லால் கேட்டுச் சொல்லால் பதில் வாங்கும் தேர்வு வைத்தால் ஐ.க்யூ. கீழே இறங்கத்தான் செய்யும். சொல்சார் பகுதியையும் செயல்சார் பகுதியையும் கூட்டி வகுத்த ஒற்றை எண்ணால், கற்றல் குறைபாட்டுப் பிரிவிலிருந்து விழுந்து அறிவுத்திறன் குறைபாடு என்ற முத்திரையோடு வெளியே வரும் அபாயம் உண்டு. தேர்வுக்கு முன்பே மொழி மதிப்பீட்டைக் காட்டி, இரண்டு பகுதியின் மதிப்பெண்ணையும் தனித்தனியாக எழுதும்படியும், ரேவன் போன்ற படவடிவத் தேர்வைச் சேர்க்கும்படியும் கேளுங்கள். முடிந்த பிறகு கேட்டால் உடனே மறுதேர்வு கிடைக்காது.

அதே 2018 நெறிமுறை, எட்டு வயதுக்கு மேல்தான் சான்று, 14-லும் 18-லும் மறு மதிப்பீடு, 18-ல் தருவது ஆயுள் முழுவதற்கும் என்று வைத்தது. 2024-ல் மதிப்பீட்டு நெறிமுறைகள் திருத்தி வெளியிடப்பட்டன. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் நடப்புப் படிவத்தையும் செல்லுபடிக் காலத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதில் வாங்கியதைப் பீரோவில் வைத்துவிட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு எடுத்துப் பார்ப்பதுதான் அதிகம் பேர் விழும் குழி.

முதல் நோட்டிலிருந்து அடையாள அட்டை கைக்கு வர ஆறு மாதம் ஒதுக்குங்கள். எட்டாம் வகுப்பு விடுமுறையில் தொடங்கினால் மூச்சு விடலாம்.

7. தேர்வுச் சலுகை

மாநிலப் பாடத்திட்டம் என்றால் தலைமை ஆசிரியர் வழியாகக் கல்வி அலுவலர், அங்கிருந்து அரசுத் தேர்வுகள் இயக்ககம். மனுவைக் கொடுத்த தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாராகும் முன்பே போய்ச் சேர வேண்டும். பத்தாம் வகுப்பு ஜூன், ஜூலையில் கொடுத்துவிடுவது நல்லது. சி.பி.எஸ்.இ. என்றால் ஒன்பதாம் வகுப்புப் பதிவிலேயே பள்ளி குறிக்க வேண்டும். மூன்று மணித் தேர்வுக்கு 60 நிமிடம், இரண்டு மணிக்கு 40 நிமிடம் கூடுதல்.

கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை வழக்கமாகக் கிடைப்பவை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டுவிடாதீர்கள். வாக்கியமே அமையாத பிள்ளைக்கு எழுதுபவரால் பெரிய உதவியில்லை. சொல்ல வேண்டியதைப் பிள்ளைதானே சொல்ல வேண்டும்? கையெழுத்தும் வேகமும் பிரச்சினை என்றால் மட்டும் கேளுங்கள். கேட்டால், பள்ளித் தேர்வுகளில் ஐந்தாறு முறையாவது அவரோடு ஒத்திகை பார்க்க வேண்டும். மொழி விலக்கைப் பொறுத்தவரை, பிறகு சேர நினைக்கும் படிப்பு அந்த மொழியில் மதிப்பெண் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிஜமாக உதவுவது கூடுதல் நேரமும், வினாவை உரக்க வாசித்துக் காட்டுவதும்தான்.

அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதையும் பழக்க வேண்டும். வினாவைப் படித்து, வினைக்கு அடியில் கோடிட்டு, யார், யாரை, யாருக்கு என்று பென்சிலால் குறித்துவிட்டு எழுதத் தொடங்குவது. ஐந்தாம் படியின் வட்டமும் சதுரமும் வினாத்தாளின் ஓரத்தில் வந்து உட்காரும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே பள்ளியில் அந்த ஒரு மணி நேரத்தைத் தரச் சொல்லுங்கள். பொதுத்தேர்வு அறையில் முதன்முதலாகக் கிடைத்தால் பிள்ளை சீக்கிரமே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்கும்.